அண்ணி மரியாதையைக் குறைத்த கதை

என் அண்ணிக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல். தண்ணீர் கேன் போடுகிறவர், கரண்ட் கணக்கு எடுக்கிறவர், வாசலை மறித்துப் படுத்திருக்கும் நாய் எல்லாருக்கும் ஒரு 'ங்க' உண்டு. "கொஞ்சம் நகருங்க" என்று அவள் சொல்ல, நாயும் வெட்கப்பட்டு நகர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியும் என்னை "தம்பி, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்தோடு 'காய்' விட்டுவிட்டு மெக்கானிக் ஷெட்டில் கிரீஸ் பூசிக்கொண்டு திரிகிறவன் நான். என்னை வேறு யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. யார் வீட்டிலோ விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுவது போலவே இருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு கூரியர் கடையில் கவுண்டரில் இருந்தாள். கடைக்கு மேல்மாடியில் சாயங்காலம் ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கும். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும். காற்று வாங்கப் போனவள் மொழியோடு இறங்கி வந்தாள். அந்த மொழிதான் இப்போது பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் தொலைபேசி மேசையில் அவளை உட்கார வைத்திருந்தது, அதுவும் தற்காலிகமாக. மாதக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் முடிவு சொல்வார். அண்ணிக்கு அந்த வேலை உயிர். ஹெட்போனை மாட்டினால் தனக்கு அரை அடி உயரம் கூடிவிடுகிறது என்று அண்ணனிடம் அவள் சொன்னதை ஒட்டுக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, மீசை திட்டிட்டாரா?" என்றேன். மீசை என்பது மேனேஜருக்கு நான் வைத்த பெயர். அவருக்கு மீசை கிடையாது.

"திட்டலைங்க தம்பி. ஒரு வாடிக்கையாளர் போன்ல அவரைக் கேட்டாரு. அவர் பேரோட, நம்ம 'சார்' மாதிரி, 'சான்' சேர்த்து, மீட்டிங்ல இருக்காருன்னு மரியாதையா சொன்னேன். அது தப்பாம். ரெண்டாவது தடவை."

"மரியாதை குடுத்தது தப்பா? என்ன ஊர் அது, எனக்குப் பொருத்தமா இருக்கே!"

சிரிக்காமல் விளக்கினாள். தன் குடும்பம் என்றால் வெறும் 'கஸோக்கு'. அடுத்தவர் குடும்பம் என்றால் முன்னால் மரியாதை ஒட்டி 'கோ-கஸோக்கு'. தன் தம்பி வெறும் 'ஒதோதோ', அடுத்தவர் தம்பி 'ஒதோதோ-சான்'. 'உச்சி' என்றால் நம்ம வீடு, நம்ம ஆட்கள். அந்த உச்சிக்குள் கம்பெனியும் அடக்கம். உள்ளே மேனேஜரைக் குனிந்து கும்பிடலாம். ஆனால் வெளியாளிடம் பேசும்போது அவரும் நம் வீட்டு ஆள், மொட்டைப் பெயர்தான். நம் ஆளை நாமே தூக்கி வைத்தால் வெளியாளைக் கீழே தள்ளியது போல. (நீங்கள் வெளியாட்கள். அதனால்தான் அண்ணியை 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் சொன்னால் அடி விழும்.)

"புரியுதுங்க. ஆனா நாக்கு வர மாட்டேங்குது" என்றாள்.

"அப்போ முதல்ல தமிழ்ல நாக்கைப் பழக்குவோம். நான் வெளியாள்" என்று மொட்டைமாடிக்குப் போய் அவள் செல்போனுக்கு அடித்தேன். குரலைக் கட்டைக் குரலாக்கி, "பம்பு மொத்த வியாபாரி பேசறேன். உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்... இருக்கா... இருக்கான்."

"யாரு இருக்கான்?" பின்னால் அண்ணன் குரல்.

"நீங்கதாங்க. சும்மா இருங்க, பாடம் நடக்குது."

"உங்க மாமியார்?"

அண்ணி மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே மூச்சில் சொன்னாள்: "அவ கடைக்குப் போயிருக்கா!"

உடனே போன் கட்டானது. கீழே ஓடினேன். கையில் பையோடு அம்மா வாசலில் நின்றிருந்தாள். அண்ணி நின்ற இடத்திலேயே பாதியாகச் சுருங்கியிருந்தாள்.

"எந்த அவ?" என்றாள் அம்மா.

நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பையை இறக்கிவிட்டு யோசித்தாள். "என் மாமியாரை நான் இப்படிச் சொல்ல எத்தனை வருஷம் ஆசைப்பட்டேன்! எனக்கு ஒரு கம்பெனியும் சொல்லித் தரலையே. சொல்லும்மா, இன்னொரு தடவை சொல்லு. பழகட்டும்."

அதிலிருந்து வீடு முழுக்கப் பாடம்தான். அண்ணன் 'அவன்', அம்மா 'அவ'. என் முறை வந்தால் மட்டும் அண்ணி திக்குவாள். "தம்பி வேலைக்குப் போயிருக்காரு" என்றே வரும். அம்மாவையே இறக்கியவளுக்கு என்னை இறக்க முடியவில்லை. நான் மட்டும் இன்னும் வெளியாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. சொன்னால் அழுகுணி என்று பெயர் வைப்பார்கள்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் கொடுத்திருந்த செல்போன் வீட்டிலேயே அடித்தது. கம்பெனியின் மிகப் பெரிய வாடிக்கையாளர், ஜப்பானிலிருந்து. அண்ணி எழுந்து நின்று, அவர் எதிரே நிற்பது போலக் குனிந்தாள். குனிந்த வேகத்தில் அலமாரிக் கதவில் நெற்றி இடித்தது. முகம் வெளுத்துவிட்டது. அவளைச் சிரிக்க வைத்துத் தேற்றலாம் என்று தலையில் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டு ரோபோ போல நடந்தேன். பக்கெட்டுக்குள் கண் தெரியுமா? துணி காயவைக்கும் ஸ்டாண்டோடு சேர்ந்து தடாலென்று விழுந்தேன்.

பக்கெட்டுக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜரின் பெயர் வந்தது. மொட்டையாக, வாலில்லாமல் வந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. அண்ணி ஏதோ சொல்ல, அதில் 'உச்சி' வந்தது, 'ஒதோதோ' வந்தது. 'சான்' வரவே இல்லை. போனுக்குள் ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது.

வைத்ததும் கேட்டேன். "என்ன சொன்னீங்க அண்ணி?"

"என்ன சத்தம்னு கேட்டாரு. எங்க வீட்டுத் தம்பி ஒருத்தன் இருக்கான், உருப்படாதவன், மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பக்கெட்டை எடுடா."

எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தேன். உள்ளே ரொம்ப வியர்த்தது, கண்ணிலும்.

திங்கட்கிழமை அண்ணி படியேறி வரும் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. வேலை நிரந்தரம். பெரிய வாடிக்கையாளர் மேனேஜரைக் கூப்பிட்டு, தொலைபேசிப் பெண் ஒழுங்காகப் பேசுகிறாள் என்றாராம். அந்த உருப்படாத தம்பிக்கு அடிபட்டதா என்றும் விசாரித்தாராம்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் 'ங்க' கிடையாது. சாப்பிட்ட தட்டை நானே கழுவுகிறேன். ஷெட்டில் நண்பர்களிடம் இதைப் பெரிய குறையாகத்தான் சொல்லி வருகிறேன்.