இருபத்துநான்கு நீலப்பெட்டிகள்

நகராட்சியில் பத்தொன்பது ஆண்டுகள் சாக்கடையோடு மல்லுக்கட்டியவருக்கு, பழைய தாளையும் பாட்டிலையும் வீட்டு வாசலிலேயே தனியாக வாங்கும் புதுத் திட்டம் பதவி உயர்வாகவே தெரிந்தது. தனக்கு முன்னால் தன் மூக்கு சம்மதித்துவிட்டது என்பார். சோதனைக்குத் தம் தெருவையே எடுத்துக்கொண்டு, இருபத்துநான்கு வீட்டுக்கும் நீலப்பெட்டி கொடுத்தார். தெரு பதிலுக்குப் 'பெட்டி சார்' என்ற பெயரைக் கொடுத்தது. குப்பையை மட்டும் கொடுக்கவில்லை. பெட்டிகளில் துணி ஊறியது, வெங்காயம் காய்ந்தது, ஒன்றில் பூனை குட்டி போட்டது. தம் வீட்டுப் பெட்டியில் செருப்பு கிடந்ததை விட்டுவிட்டுக் கதை சொன்னால் அவருக்கே பிடிக்காது.

பாதி வீடுகளாவது சேராவிட்டால் திட்டம் ரத்து. அவர் திரும்பவும் சாக்கடைக்கு. மிச்சம் இருந்தவை குப்பை வண்டி வரும் இரண்டே வெள்ளிக்கிழமைகள். 'குடிமக்களின் கடமை' என்று துண்டுப்பிரசுரம் எழுதிய அதே கையால், முதல் வெள்ளி விடியற்காலையில், அலுவலகத்தில் மீந்த பெட்டிகளை வாசல்தோறும் வைத்து, மூன்று வருடமாகச் சேர்ந்திருந்த தம் செய்தித்தாள்களை ஊருக்குப் பங்கிட்டார்.

வண்டியோடு வந்த அக்கா ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"சார், உங்க தெருவுல எல்லாருமே குறுக்கெழுத்து போடுறாங்க போல."

"படிச்ச தெரும்மா."

"எல்லாரும் பச்சை மையில! இங்க பாருங்க, ஆண் யானைக்கு மூணெழுத்துன்னா ஒருத்தர் குதிரைன்னு எழுதியிருக்காரு."

"கட்டத்துக்குச் சரியாப் பொருந்திச்சேம்மா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா நோட்டில் 'சேர்ந்த வீடு: ஒன்று' என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம், பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் காதிலும் போட்டுவிட்டார்.

"ஏன் சார், எங்க வாசல்ல உங்க குப்பையா? எங்க வீட்டுல குப்பைக்கா பஞ்சம்?"

"நல்லாக் கேளுங்க டீச்சர்," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "ஜன்னல் தொடைக்கக்கூட எனக்கு ஒரு தாள் விட்டுவைக்கலை இந்த மனுஷன்."

தெருவுக்கு ரோஷம் வந்தது. எட்டு வாரத் துண்டுப்பிரசுரம் சாதிக்காததை ஒரே வார அவமானம் சாதித்தது. கடைசி வெள்ளிக்கிழமை வாசலுக்கு வாசல் பெட்டி வழிந்தது: கழுவித் துடைத்த பாட்டில்கள், நசுக்கிய தகர டப்பாக்கள், மூலை மடங்காமல் கட்டிய தாள்கள். 'மக்களின் விழிப்புணர்வு' என்று அறிக்கையில் எழுதுவதாக மனத்துக்குள் வாக்கியம் அமைத்தபடி, பெட்டி சார் வெறுங்கையை வீசிக்கொண்டு வெளியே வந்தார்.

அக்கா எண்ணி முடித்து நோட்டை மூடினார்.

"இருபத்துமூணு, சார். திட்டம் பிழைச்சுது. ஒரே ஒரு வீடுதான் சேரலை. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க அவங்களுக்கு."