எண்ணெய் ஊற்றும் இடம்

பள்ளத்தூரில் இப்போது புல்லுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். விட்டு, வளர்த்து, வெட்டி, குப்பையில் கொட்டுகிறார்கள். நியூஸிலாந்தில், ஹாமில்டன் என்ற ஊரில், மகன் வீட்டில் நானும் பல வருஷமாக இதையேதான் செய்கிறேன். அங்கே அது எனக்கு விசித்திரமாகத் தெரிந்ததில்லை. இந்தத் தடவை ஊருக்கு வந்து, பழைய செட்டியார் வீடு ஒன்று தங்கும் விடுதியாகி, அதன் முன்னால் பச்சைப் புல்தரை கிடப்பதைப் பார்த்தபோதுதான் எந்த ஊரில் நிற்கிறேன் என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். அந்த விடுதியைப் பார்த்துக்கொள்வது என் தம்பி செல்லையா. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் தச்சு வேலைக்காரர்கள். முட்டி தேய்ந்த பிறகு அவன் உளியை வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தான். குடியிருக்கப் பின்கட்டில் ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மதியத்துக்குள் முதலாளி சென்னையிலிருந்து விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. போன தடவை புல் வளர்ந்து கிடந்ததைப் பார்த்து, இன்னொரு முறை இப்படி இருந்தால் காரைக்குடியில் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிப் போயிருந்தாராம். தம்பி பாதித் தரையை வெட்டியிருப்பான். புல் வெட்டும் மிஷின் கடகடவென்று அடித்து, புகையைக் கக்கி, நின்றுவிட்டது. மறுபடி கிளப்பக் கயிற்றை இழுத்தான். பாதி வந்து அப்படியே பிடித்துக்கொண்டது.

“ஆயில் பாத்தியாடா?” என்று கேட்டேன்.

“ஆயிலுக்கு என்னக்கா கொறச்சல்? பெட்ரோல்ல கலந்துதான ஊத்துறேன். என் மொபெட்டுக்கு ஊத்துறதைவிட ஒரு மூடி கூடவே!”

அவனுடைய பழைய மொபெட்டுக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கோ ஆயில் தனியாக அடியில் நிற்க வேண்டும். அதற்குத் தனி மூடியே உண்டு. அவன் ஆசையாகக் கலந்ததெல்லாம் புகையாகப் போயிருக்கிறது. அடியில் இருந்தது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உள்ளே இறுகியிருந்தால் மிஷினோடு அவன் வேலையும் பின்கட்டு அறையும் போய்விடும்.

“இது மொபெட் இல்லடா, செல்லையா.”

“நீங்க வெயில்ல நிக்காம உள்ள போங்கக்கா. வெளிநாட்டுலருந்து வந்தவுகளை மிஷினத் தொட விட்டான்னு ஊரு சிரிக்கும்.”

ஊர் ஏற்கனவே கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வள்ளி, “ஏன் அயித்தே, அம்புட்டுத் தூரம் பறந்து போயி இதைத்தான் கத்துக்கிட்டீகளா? ரெண்டு ஆட்டைக் கட்டுனா முடிஞ்சு போச்சு!” என்றாள். மகன் ஊரில் கிழவி புல் வெட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பிறந்த ஊரில் என்னை வெயிலுக்கு ஆகாதவளாக்கிவிட்டான் என் கூடப்பிறந்தவன்.

ஹாமில்டனில் நான் முதன்முதலாகப் புல் வெட்டிய அன்று, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வேலியைத் தாண்டி வந்தார். சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வருகிறார் என்று நினைத்து நானும் தமிழில் நல்லதாக நாலு வார்த்தை கொடுத்தேன். மனிதர் சிரித்தார். மிஷினை நிறுத்தி, மூடியைத் திருகி, அதோடு வந்த குச்சியைத் தன் கால்சட்டையிலேயே துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய் இல்லாமல் நுனி காய்ந்திருந்தது. அந்த மூடியில் எண்ணெய்க் குப்பி மாதிரி ஒரு படம் உண்டு. இங்கிலீஷ் எழுத்தைப் படிக்காமலே அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதே படத்தைத் தம்பிக்குக் காட்டினேன். குச்சியை எடுத்தோம். நுனியில் மட்டும் தார் மாதிரி கொஞ்சம் கறுப்பு. அவன் முகம் செத்துவிட்டது. “இத்தனை நாளும் இதைப் பட்டினி போட்டுட்டேனாக்கா?” என்றான். மொபெட் ஆயில் வேண்டாம், பைக்குக்கு ஊற்றுவது வேண்டும் என்று சொல்லிக் கடைக்கு அனுப்பினேன். அவன் திரும்பி வருவதற்குள் எஞ்சின் சூடு தணிந்திருந்தது. பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி. துணியால் துடைத்து வைத்துவிட்டு, பிளக் இருந்த ஓட்டைக்குள் சில சொட்டு ஆயில் விட்டுக் காத்திருந்தோம். கலந்த பெட்ரோலை வடித்தோம். அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை ஊற்றி, குச்சியில் கோடு வரைக்கும் வந்ததும் நிறுத்தினேன். இனிக் கயிறுதான். “வெடுக்குன்னு இழுக்காத. தேரு வடம் மாதிரி மெதுவா இழு” என்றேன். வரவில்லை. மறுபடி இழுத்தான். உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்தது. கயிறு முழுசாக வந்தது.

பிளக்கை மாட்டி, புதுப் பெட்ரோல் விட்டு இழுத்ததும் மிஷின் இருமி, வெள்ளைப் புகை விட்டு, ஓடியது. ஆனால் உள்ளே டக், டக் என்று ஒரு தட்டல். எதுவோ தேய்ந்துதான் இருக்கிறது, எத்தனை நாளைக்கு ஓடும் என்று சொல்ல முடியாது. தம்பி கைப்பிடியை என் பக்கம் தள்ளினான். நான் வாங்கிக்கொண்டேன்.

கடைசி வரிசைகள் மிச்சமிருக்கையில் கார் வந்தது. முதலாளி இறங்கி, மிஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். கைப்பிடியோடு சேர்த்து ஓர் இரும்புப் பட்டையைப் பிடித்திருந்தால்தான் அது ஓடும். விட்டால் நின்றுவிடும். நின்றால் மறுபடி கிளம்புமா? நான் விடவில்லை. அவர் குனிந்து வெட்டிய புல்லைத் தடவிப் பார்த்தார். தம்பியின் தோளில் தட்டிவிட்டு, விருந்தாளிகளைத் தரையில் நடக்கச் சொன்னார். அதன் பிறகுதான் தம்பி மூச்சு விட்டான். போகிறவர் என்னைக் காட்டி அவனிடம் என்னவோ கேட்டார். யார், எந்த ஊர் என்றுதான் இருக்கும். சத்தத்தில் எதுவும் என் காதில் விழவில்லை. தம்பி தன் காலடி மண்ணைக் காட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, கையை உயர்த்தி விமானம் போகும் வானத்தையும் காட்டினான். நான் பட்டையை இறுக்கிப் பிடித்தபடி மிஷினை அடுத்த வரிசைக்குத் திருப்பினேன்.