அக்காவின் கடைசி மலையேற்றம்

புரட்டாசி மாதத்து மலைக்கு ஒரு வாசனை உண்டு. முதல் நாள் பெய்த மழை பாறையில் காயாமல் கிடக்க, அதன் மேல் காலை வெயில் விழும்போது, ஈரமண்ணும் ஆட்டுப் புழுக்கையும் மஞ்சம்புல்லின் எலுமிச்சை மணமும் ஒன்றாகக் கிளம்பி, பள்ளிக்கூடத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் மூக்கைப் பிடித்து இழுக்கும். நானும் மல்லி அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

கோயிலின் மேற்கே நிற்கிற பே கோபுரத்துக்குப் பின்னால், மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு இருந்தது. பின்கதவைத் திறந்தால் ஒரு சாக்கடை, ஒரு முள்வேலி, அப்புறம் மலை. ஊர் முழுக்க மலையைச் சாமி என்று கும்பிட்டது. வெளியூர்க்காரர்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நாங்கள் சாமியின் தொடையிலும் தோளிலும் கோலி ஆடினோம். வீட்டில் தேதி கிழிக்கிற காலண்டர் இருந்தது, எங்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. மலை நிறம் மாறினால் மாதம் மாறியது. பங்குனியில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, சாயங்காலத்தில் ஒரு சிவப்பு நூல் சரிவில் ஊர்ந்துபோகும். காலையில் கொடித்துணியெல்லாம் கரித்தூள். “மலை எரியுது, துணிய எடுங்கடி” என்று அம்மா கத்துவாள். சித்திரையில் பாறை உள்ளங்காலைச் சுட, ஒரு புதர் நிழலிலிருந்து அடுத்த புதர் நிழலுக்கு ஓடுவோம். ஆடிக்காற்று பாவாடையைத் தலைமேல் கவிழ்க்கும். ஆவணியில் கருகின கட்டைகளுக்கு நடுவே பச்சை கசியும். ஐப்பசி அடைமழையில் பாறைகள் மேல் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர்க் கோடுகள் விழும். கார்த்திகையில் உச்சியில் நெருப்பு ஏறும்.

இந்த ஆறேழு மாற்றங்களையும் என்னைவிட மூன்று வயது மூத்த அக்காதான் முதலில் பார்ப்பாள். ஒல்லியான கால்கள், எண்ணெய் காணாத தலை, முழங்கையில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. விறகு வெட்ட வருகிற கன்னியம்மா அவளைப் பார்த்து, “இவ இன்னாடி, பாதத்துல கண்ணு வெச்சிக்கினு பொறந்திருக்கா. ஆட்டுக்கே வழி சொல்லுவா போல” என்பாள். அக்கா ஏறுகிறபோது கால் எங்கே வைப்பது என்று யோசித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வந்தால்தான் எதிலாவது இடித்துக்கொள்வாள்.

புரட்டாசியில் சீத்தாப்பழம். பச்சைக் காயின் செதில்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுந்தால் “கண்ணு தொறந்துடுச்சு” என்போம். அப்படிப்பட்ட காய்களாகப் பறித்து, பாறை இடுக்கில் புல்லை மெத்தையாகப் போட்டு அடுக்கி, மேலே கல்லை வைத்து மூடிவிட்டு வருவோம். மூன்றாம் நாள் கல்லைப் புரட்டினால் பழுத்திருக்கும். நான் சொல்லப்போகிற வருஷத்தில், அப்படி மூன்றாம் நாள் கல்லைப் புரட்டப் போனபோதுதான் அக்கா பாவாடையில் ரத்தத்தைப் பார்த்தாள். முள் கிழித்திருக்கும் என்று முதலில் காலைத் தேடினாள். அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டு, பாறையில் உட்கார்ந்து, கீழே தெரிந்த கோபுரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. எனக்குப் பத்து.

“யார்கிட்டயும் சொல்லாத” என்றாள்.

“அம்மாகிட்ட?”

“அம்மாகிட்டதான் மொதல்ல சொல்லாத.”

அவள் எதற்குப் பயந்தாள் என்பது எனக்கே தெரியும். எங்கள் தெருவில் பெரியவளான பெண்களை நாங்கள் பார்த்திருந்தோம். நேற்று வரை எங்களோடு பாறையில் சறுக்கி விளையாடினவள், தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றின மறுநாளிலிருந்து, வாசலில் கோலம் போடுகிற கையாகவும் குழாயடியில் குடம் தூக்குகிற இடுப்பாகவும் மட்டும் தெரிவாள். மலைப்பக்கம் அவளுக்குக் கிடையாது. தீட்டுப்படுகிற உடம்பு சாமியை எப்படி மிதிக்கும்? இதோடு இன்னொன்றும் இருந்தது. அப்பா ஒவ்வொரு வருஷமும் கார்த்திகைத் தீபத்தன்று காலையில் தூக்கு நிறைய நெய் எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இவ்வளவு சுற்றியும் நாங்கள் உச்சியைப் பார்த்ததில்லை. அந்த ஆடியில்தான் அவர் சொல்லியிருந்தார்: “இந்த வருஷம் ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போறேன். மல்லி பெரியவளாயிட்டா அப்புறம் எங்க ஏர்றது?”

புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் நடுவே இரண்டு மாதம். அதைத் தாண்டிவிட்டால் போதும் என்று அக்கா கணக்குப் போட்டாள்.

அம்மாவின் பழைய புடவை ஒன்று துண்டு துண்டாகக் காணாமல் போனது. பாதி ஏற்றத்தில் ஒரு சுனை. அங்கே துணியை அலசி, பாறையில் விரித்து, நாலு முனையிலும் கல் வைப்போம். காய்கிற வரைக்கும் நான் காவல். ஒரு நாள் விறகுக்கட்டோடு கன்னியம்மா அந்தப் பக்கம் வந்துவிட்டாள். துணியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், கட்டை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எவ்ளோ நாளா?”

அக்கா துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி முழிக்கிற, நான் இன்னா போலீசா? நானும்தான் மாசம் முப்பது நாளும் ஏர்றேன். அந்த மூணு நாளு ஏறலன்னா எவ எனக்கு சோறு போடுவா? மலைக்கு வேற வேலை இல்ல பாரு, எவளுக்கு எப்போன்னு எண்ணிக்கினு இருக்க.” எழுந்து கட்டைத் தூக்கிக்கொண்டாள். “துணிய வெயில்ல நல்லாக் காயவெச்சுக் கட்டு. ஈரத்தோட கட்டினா புண்ணாப் பூடும்.”

அன்றைக்கு அக்கா சிரித்ததைப்போல அப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

தீபத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். முந்தின வாரம் முழுக்க மழை. மலை ஊறிக் கிடந்தது. அப்பா கையில் நெய்த் தூக்கு, இடுப்பில் நனைந்த வேட்டி, வாயில் அரோகரா. ஆயிரம் பேர் எறும்புபோல ஏறினார்கள். அக்கா எல்லாரையும் தாண்டி முன்னால் போய், திரும்பி நின்று, நாங்கள் வருகிறவரை காத்திருந்து, மறுபடி ஓடினாள். உச்சியில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. காற்று, மேகம், எத்தனையோ வருஷத்து நெய்யும் கரியும் ஊறிக் கறுத்த பாறை, மேலெல்லாம் பிசுக்கு. அக்கா அந்தக் கறுப்பில் வெறுங்காலோடு நின்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். கீழே ஏரிகள் எல்லாம் நிரம்பி, சிதறின கண்ணாடிச் சில்லுகள்போலக் கிடந்தன. அப்பா நெய்யைக் கொடுத்துவிட்டு வந்து “போலாமா” என்றபோதும் அவள் அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

இறங்கும்போது நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அக்கா வழக்கம்போல முன்னால் போய், ஒரு வளைவில் மறைந்துவிட்டாள். உள்ளங்காலில் நெய்ப்பிசுக்கு இருக்கு, கையை விடாதே என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். அக்காவைப்போல ஓடிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கையை உதறிக்கொண்டு சரிவுப் பாறையில் ஓடினேன். இரண்டடியில் கால் வழுக்கியது. அப்பா பாய்ந்து என் பாவாடையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். இழுத்த வேகத்தில் அவர் போனார். பெரிய பள்ளம் இல்லை, ஓர் ஆள் உயரம்தான். இடுப்பு பாறையில் அடித்த சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் கேட்டு அக்கா திரும்பி ஓடி வந்தபோது, அப்பா கீழே கிடந்தார், நான் மேலே பத்திரமாக நின்றிருந்தேன். “வழுக்கிட்டாரு” என்றேன். அது பொய்யில்லை என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முகம் தெரியாத நாலு பேர் கழியில் போர்வையைக் கட்டி அவரைத் தூக்கிவந்தார்கள். ஊரெல்லாம் உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த சாயங்காலத்தில், எங்கள் வீட்டில் அப்பா முனகிக்கொண்டிருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “சுத்தபத்தமாத்தானே நெய் கொண்டு போனாரு? யாருடி இன்னா தப்புப் பண்ணீங்க?” என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைப் பார்த்தபோது அவள் பார்வை அப்படியே நின்றது. என் பாவாடை இடுப்பில் கிழிந்திருந்தது. எப்படிக் கிழிந்தது என்று அடுத்த கேள்வி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

“அக்கா பெரியவளாயி ரெண்டு மாசம் ஆச்சும்மா.”

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து, அன்றைக்குத்தான் நடந்ததுபோல மாமாவுக்குச் சொல்லியனுப்பினாள். மாமா தென்னங்கீற்றில் குடிசை கட்டினார். பெண் பெரியவளான நேரத்தை வைத்து ஜோசியர் ருது ஜாதகம் எழுதவேண்டும். அம்மா யோசிக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை காலையைச் சொன்னாள். “நல்ல நேரம், அமோகமா இருப்பா” என்றார் ஜோசியர். இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையில் அக்காவின் மிச்ச வாழ்க்கை எழுதப்பட்டது. குடிசைக்குள் தட்டைத் தள்ளும்போது அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “உங்கப்பா எழுந்து நடக்கட்டும். அப்புறம் நீ வெளிய போ.”

கட்டு மாற்றிக் கட்டு போட்டும் அப்பா ஒழுங்காக நடக்கவே இல்லை. அக்காவின் பள்ளிக்கூடமும் நின்றுபோனது. அவளுக்கு எஞ்சியது பின்கட்டு ஜன்னல். அதில் மலையின் ஒரு துண்டு தெரியும், உச்சி தெரியாது. நான் மட்டும் ஏறினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த புரட்டாசியில் பாவாடை நிறையச் சீத்தாப்பழம் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை. “மலையில ஓடை ஓட ஆரம்பிச்சுடுச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஆரம்பித்துவிட்டது என்றேன். தலையாட்டிக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். யாருடைய பாவாடையைப் பிடித்து இழுத்தார் என்பது அவர் கைக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் சாகிறவரை வாயைத் திறக்கவில்லை. சின்னவளைக் காப்பாற்றினாரா, அல்லது பெரியவள் சுத்தமாக இருந்திருந்தால் அன்றைக்குத் தன் கால் வழுக்கியிருக்காது என்று அவரும் நம்பினாரா? கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்து இருந்துவிட்டேன்.

அந்தப் பொய் ஜாதகத்துக்குப் பத்துப் பொருத்தமும் இருந்தது என்று கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலை வியாபாரிக்குக் கட்டிவைத்தார்கள். முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவதும். அவள் புருஷனும் நாற்பது தாண்டுவதற்குள் போய்விட்டார். ஒவ்வொரு சாவுக்கும் நான் போய் நின்றபோது, அழுது ஓய்ந்த குரலில் அக்கா ஒன்றைத்தான் சொல்வாள்: “மலை என்னை விடாதுடி.” கார்த்திகையில் அந்த ஊர் மொட்டைமாடிகளில் ஏறி நின்று பார்த்தால் தீபம் ஒரு புள்ளியாகத் தெரியும். தெருவே மாடியில் இருக்கும்போது அவள் உள்ளே அடுப்படியில் இருப்பாள்.

போன மாதம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் போன் செய்தாள். “இனிமே எனக்குத் தீட்டு இல்ல பாப்பா. ஒரு வாட்டி மலைக்குக் கூட்டிக்கினு போ. கேக்க வேண்டியத கேட்டுட்டு வந்துடறேன்.”

ஆட்டோ பிடித்துப் பழைய தெருவுக்குப் போனோம். சரிவில் பாதி தூரம் வரை வீடுகள் ஏறியிருந்தன. ஓடைகள் இருந்த இடத்தில் சிமெண்ட் கால்வாயில் சோப்புத் தண்ணீர் ஓடியது. அதற்கு மேலே கம்பிவேலி, மலை ஏறத் தடை என்று பலகை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்திரிக்காமலே கையை ஆட்டினார்.

“விடறதில்லம்மா. ஆர்டர்.”

“மேல வேணாம்பா, அதோ அந்தப் பாறை வரைக்கும்” என்றாள் அக்கா.

“பாறையும் மலைதானம்மா.”

அவள் வாதாடவில்லை. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, கம்பி இடுக்கில் இரண்டு விரலை நுழைத்து, எட்டின மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு அசைந்தது. மன்னிப்புதான் கேட்டாள். அப்பாவின் இடுப்புக்கு, இரண்டு குழந்தைகளுக்கு, புருஷனுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கையை உதறினது, ஓடினது, அவர் பாவாடையைப் பிடித்தது, கிழிசலை மறைக்க அவளைக் காட்டிக்கொடுத்தது, ஒன்று விடாமல்.

அக்கா மண் ஒட்டின விரலால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

“எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு உன் தலையில போட்டுக்கிறியா? நீ சின்னப் புள்ளைலேர்ந்தே இப்படித்தான். எனக்குன்னா உசுரு.”

“இல்லக்கா, நெசமா.”

“சரி சரி. வெயில் ஜாஸ்தியாவுது, வா.”

அப்பா இல்லை. அம்மா இல்லை. எந்த மழைக்காலத்தில் போனாள் என்றுகூடத் தெரியாமல் கன்னியம்மாவும் இல்லை. நான் சொல்வது நிஜம் என்று அக்காவிடம் சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை. அக்கா ஆட்டோவில் ஏறி, எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.