கத்தரிக்கோல் எறிந்த கைக்குக் கிடைத்த இரக்கம்

சகோதரிகளே, நான் ஒரு கொலைகாரியாக நின்றிருக்க வேண்டியவள். ஒரு சாண் இடைவெளியில் கர்த்தர் தடுத்தார்.

என் பெயர் ஜெயராணி, வயது நாற்பத்தொன்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறேன். வெட்டும் மேசைக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போட மாட்டார்கள். அடுக்கி விரித்த துணி பறந்துவிடும். இருபது வருடம் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. போன வருடம் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல ஆனது. கழுத்திலிருந்து சூடு ஏறும், ஜாக்கெட் நனையும், அடுத்த நிமிடம் யாரையாவது அடிக்கத் தோன்றும். வீட்டில் தட்டை எறிந்து கணவர் நெற்றியைக் கிழித்தேன். தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் வசந்தாவை, சும்மா சிரித்ததற்குக் கன்னத்தில் அறைந்தேன்.

கோபத்தின் ஆவி என்று நானே முடிவு கட்டினேன். மே மாத வெயிலில் மூன்று நாள் உபவாசம் இருந்து, பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் தாங்க முடியாமல் எழுந்து ஃபேனைப் போட்டேன். சூப்பர்வைசர் தினேஷ் அணைத்தான்.

"இன்னாக்கா, உனக்கு மட்டும் தனியா ஏசி வெக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எறிந்தேன். அவன் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி, துணிக்கட்டில் குத்தி நின்றது. அவன் விழ வேண்டும் என்றுதான் எறிந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

ஓடிப்போய் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டேன். ரத்தம் வரும்வரை நெற்றியைச் சுவரில் மோதினேன். "ஆண்டவரே, இந்தப் பேயை எடும். இல்லையென்றால் என்னை எடும்" என்று கதறினேன்.

கதவு தட்டும் சத்தம். நான் அறைந்த அதே வசந்தா.

"அக்கா, தொற. பீரியட்ஸ் நின்னு எத்தினி மாசம் ஆவுது?"

"ஏழு மாசம்."

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எனக்கும் இப்டித்தான் இருந்திச்சி. எங்க ஊட்டுக்காரு மேல கொதிக்கிற ரசத்த ஊத்துனேன். அப்பறம் டாக்டராண்ட போனேன். வா, போலாம்."

தாழைத் திறந்தேன். நெற்றியைத் துடைத்தாள், தண்ணீர் குடிக்க வைத்தாள், அன்று சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டரம்மா மாத்திரை எழுதினார். உபவாசத்துக்கு நன்றாகத் திட்டினார். தினேஷிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். அவன் புகார் கொடுக்கவில்லை. ஃபேனுக்குக் கீழே, வசந்தாவின் மேசைக்கு என்னை மாற்றினான். இன்றும் எனக்கு முதுகு காட்ட மாட்டான்.

"கர்த்தர்தான் உன்னை அனுப்பினார்" என்று வசந்தாவிடம் சொன்னேன். அம்மனுக்காக உடுத்தும் ஆடி மாதத்துச் சிவப்புப் புடவையில், வடையை நீட்டிக்கொண்டு நின்றாள். "உங்காளு கேட்டாரு, எங்காத்தா அனுப்பிச்சா. வடையத் துன்னு" என்றாள்.

சகோதரிகளே, இந்த வயதில் உடம்பு எரிந்தால் ஜெபியுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு ஜெபியுங்கள். யாராவது கதவைத் தட்டினால் தாழைத் திறங்கள். நான் அறைந்தவளை அனுப்பித்தான் அவர் என்னைக் காப்பாற்றினார்.