ஆளில்லாக் கப்பலின் கேப்டன்

தோ மிரானுக்குக் கேப்டன் பதவி வந்து சேர்ந்தபோது கப்பலில் ஆளே இல்லை.

அதற்கு முன்னால் கப்பல் நிறைய ஆட்கள் இருந்த காலத்தில், அவளுக்கு அந்தப் பதவியைக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. மிரான் யோசு ஊர்க்காரி. துறைமுகத்து மீன் சந்தையில் பச்சை மீனை அரிந்து தட்டில் அடுக்கி விற்கும் பெண்ணின் ஒரே மகள். பூசானில் கடல் கல்லூரியில் படித்து, சரக்குக் கப்பலில் கடைநிலை அதிகாரியாக ஏறி, முதல் அதிகாரி வரைக்கும் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டாள். கேப்டன் தேர்வையும் முதல் முறையிலேயே தேறினாள். சான்றிதழ் பெட்டிக்குள் கிடந்ததே தவிர, கப்பல் மட்டும் வரவில்லை. பெண்ணின் கீழே வேலை செய்ய ஆட்கள் சங்கடப்படுவார்கள் என்று ஒரு கம்பெனி சொன்னது. இன்னொரு கம்பெனி, அடுத்த தடவை பார்க்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது. அவளிடம் வேலை பழகிய பையன்களே கேப்டனாகி, அவளுக்கு உத்தரவு போட்டார்கள். பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு ஆளில்லாக் கப்பல்கள் வந்தன. குவாங்யாங்கிலிருந்து பூசானுக்குப் சரக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, சுக்கானைப் பிடிக்க ஆளின்றி, தாமாகவே போய்த் திரும்பும் கப்பல்கள். ஆனால் சட்டம் ஒன்று கேட்டது. ஆள் இல்லாவிட்டாலும் கேப்டன் இருந்தாக வேண்டும். அவர் கரையில் உட்கார்ந்திருக்கலாம், சான்றிதழ் மட்டும் கட்டாயம். கடலில் பேர் எடுத்த கேப்டன்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். டிவி பார்க்கிற வேலைக்கு நான் எதற்கு என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் கம்பெனிக்கு மிரானின் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் பொருட்டில்லை. சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பலகாரத்தைத் தட்டுத் தட்டாக வாங்கிச் சந்தை முழுக்கக் கொடுத்தாள்.

"எம் பொண்ணு கேப்டன் ஆயிட்டா. எடுத்துக்கோ."

நெத்திலிக் கடைக்காரி பலகாரத்தை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள். "கேப்டனா? கப்பல் எங்க நிக்குது?"

"கடல்ல போகுது."

"அப்ப உம் பொண்ணு?"

"ஆபீஸ்ல இருக்கா."

"அப்புறம் ஓட்டுறது யாரு?"

"அது தானா ஓடும்டி. இவ பாத்துக்கிட்டே இருப்பா."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். வீடு தானா ஓடும், அவரு பாத்துக்கிட்டே இருப்பாரு."

சந்தையே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் அவளுக்கு வலித்திருக்காது. பலகாரம் வாங்கியவர்களில் குவாக் மன்போக்கும் ஒருவர். ஆக்டோபஸ் பிடித்து அம்மாவின் கடைக்குக் கொடுக்கும் கிழவர், எழுபது தாண்டியவர்.

"உம் பொண்ணு கப்பலுக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியுமாமே? அது தெரிஞ்சா என் மச்சானுக்கும் தெரிஞ்சுடும். அப்புறம் உனக்கு ஆக்டோபஸ் கிடையாது" என்றார்.

கிழவர் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் உண்மை. ஒவ்வொரு படகிலும் இருப்பிடம் காட்டும் பெட்டி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக்டோபஸ்காரர்களோ அது வந்து ஒளியும் குடுவைகளைக் கயிற்றில் கட்டி இறக்கும் இடத்தைக் கூடப் பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்கள். இடம் வந்ததும் பெட்டியை அணைத்துவிடுவார்கள். கடலோரக் காவல்காரர்கள் கேட்டால் பேட்டரி போய்விட்டது என்பார்கள். யோசுவில் எல்லோருடைய பேட்டரியும் அதே மாதிரிதான் போகும். மிரானுக்கு இது பாவாடை கட்டிய நாளிலிருந்தே தெரியும்.

வேலை குவாங்யாங்கில், யோசுவிலிருந்து போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஜன்னல் இல்லாத அறை. ஒரு கேப்டனுக்கு மூன்று கப்பல் என்று சட்டம் அனுமதித்திருந்தது. மிரானுக்கு முன்னால் மூன்று கப்பல்களின் கடலும் திரைகளில் ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரம் தன் கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டும்: படகு, கப்பல், மிதவை, பாறை. ஆபத்தென்று அதற்குத் தோன்றினால் மணியடிக்கும். மேஜையில் கண்ணாடி மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் கப்பல் அவள் கைக்கு வந்துவிடும்.

அழுத்தக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்துக்குத் தானாகவே தகவல் போகும். அதன் பெயர் மனிதத் தலையீடு. சோதனைக் காலத்தில் தலையீடு குறைவாக இருந்தால் கப்பல் பாதுகாப்பானது என்று அர்த்தம். அப்படியானால் நிரந்தர அனுமதி உண்டு, ஒரு கேப்டனுக்கு ஐந்து கப்பல் உண்டு. ஆபத்தைத் தடுக்கத்தான் அங்கே ஒரு மனிதக் கையை வைத்தார்கள். பிறகு அந்தக் கை எத்தனை தடவை அசைந்தது என்று எண்ணி, அசைவதையே நோயாக்கினார்கள். இப்படி ஒரு கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் நன்றாகப் படித்தவர்கள்தான்.

முதல் மாதங்களில் மிரான் மூன்று தடவை அழுத்தினாள். அதில் ஒரு தடவை, இயந்திரம் ஏற்கெனவே கப்பலைத் திருப்ப ஆரம்பித்திருந்தது; பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள், அவள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கண்காணிப்புப் பிரிவின் தலைவர் பியோ அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கெட்ட மனிதர் இல்லை. காபி கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"கேப்டன், உங்க கை சும்மாவே இருக்க மாட்டேங்குது."

"பொத்தான் அதுக்குத்தானே வச்சிருக்கு?"

"வச்சிருக்கு. அதைத் தொடாம இருந்தாத்தான் பாதுகாப்புன்னு அவங்க எண்ணுறாங்க. நான் என்ன பண்ண? நானா சட்டம் எழுதினேன்?"

"சந்தேகமா இருந்தா?"

"சந்தேகம் மனுஷனுக்கு எப்பவும் இருக்கும். அதனாலதானே இந்தக் கப்பலையே கட்டினாங்க. கையை மடியில வச்சுக்கோங்க. இந்த ஒரு வருஷம்."

அடுத்த நாளிலிருந்து அவள் கை மடியில் இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், தொடவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை. முந்தின வாரம் புயல் வந்து, சிப்பி வளர்ப்பவர்களின் தெர்மாகோல் மிதவைகளை அறுத்துக் கடல் முழுக்க இறைத்துவிட்டுப் போயிருந்தது. தோல்சான் தீவுக்குத் தெற்கே வெயில் தண்ணீரில் பட்டுத் திரை முழுக்க மினுங்கியது. வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் மிதவை, மிதவை என்று எழுதிக்கொண்டே போனது. அதில் ஒரு புள்ளி அசைந்தது. அலையில் ஆடுகிற அசைவு இல்லை. ஏதோ குனிந்து நிமிர்ந்த மாதிரி இருந்தது.

மிரானின் கை மடியிலிருந்து எழுந்தது. கண்ணாடி மூடியைத் திறந்தாள். அந்த இடத்திலிருந்து எந்தப் பெட்டியும் தன் இருப்பைச் சொல்லவில்லை. மணி அடிக்கவில்லை. பெட்டி சொல்லாவிட்டால் அங்கே ஆளில்லை என்று அர்த்தமில்லை என்பது சந்தைக்காரி மகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பியோவின் காபியும், போன தடவை எழுதிக் கொடுத்த விளக்கமும், பக்கத்து மேஜைக்காரர்களின் சிரிப்பும் ஒன்றாக வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டன. மிதவைதான், ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூடியை மூடினாள்.

கப்பல் அதன் பாட்டுக்குப் போனது. அறையில் ஒன்றுமே ஆகவில்லை. அவள் கப்பலில் நின்றிருந்தால் காலடியிலாவது ஏதாவது தெரிந்திருக்கும். மதியத்துக்குள் மற்றப் படகுக்காரர்கள் கவிழ்ந்து கிடந்த வெள்ளைப் படகையும், பக்கத்தில் கயிற்றில் சிக்கியிருந்த குவாக் மன்போக்கின் உடலையும் கண்டெடுத்தார்கள்.

மூன்று நாள் துக்கம். மிரான் கறுப்பு உடையை எடுத்து வைத்தபோது பியோ போன் செய்து தடுத்துவிட்டார். போனால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று கம்பெனி வக்கீல் சொன்னாராம். கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியது. அதன் ரிப்பனில் ஒரு மனிதரின் பேர்கூட இல்லை. அம்மாதான் போய்விட்டு வந்தாள்.

"ஏதாவது கேட்டாங்களாம்மா?" என்றாள் மிரான்.

"அவர் பொண்டாட்டிக்கு நான் யாருன்னு தெரியல. கேட்டுக்கிட்டே இருந்தா. கேப்டன்னு ஒருத்தர் இருப்பாருல்ல, வந்து ஒரு தடவை மண்டி போடக்கூடாதான்னு."

"நீ என்ன சொன்னே?"

"மாட்டுக்கறி சூப் வச்சாங்க. குனிஞ்சு அதைக் குடிச்சேன்."

அப்புறம் சந்தையில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், ஆபீஸில் வேலை செய்கிறாள் என்று மட்டும் அம்மா சொன்னாள்.

விசாரணை வந்தது. அதற்கு முந்தின நாள் பியோ விளக்கினார்.

"உங்களுக்கு எச்சரிக்கை வரலை. அதை மட்டும் சொல்லுங்க. பொய் சொல்லச் சொல்லல."

"அப்ப தப்பு யாருது?"

"பெட்டியை அணைச்சவருது. சட்டப்படி."

"செத்தவரோட சாவுக்குச் செத்தவரே காரணமா?"

"கேப்டன், நீங்க உள்ள போறதால அவர் எந்திரிச்சு வரப்போறதில்ல."

அதுவும் உண்மைதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் சான்றிதழ் பிழைக்கும். தன் சாவுக்குத் தானே காரணமானவர் என்று கிழவரின் மேல் முத்திரை விழும், அவர் வீட்டுக்கு ஒன்றும் போகாது. வாயைத் திறந்தால் பாதி ஆயுளைக் கொடுத்து வாங்கிய சான்றிதழ் போகும், வழக்கும் வரும். மிரான் பயந்தாள். பயந்துகொண்டே போய், கூண்டில் நின்று, திறந்துவிட்டாள்.

"நான் அவரைப் பாத்தேன். மிதவை இல்லைன்னு தோணிச்சு. பொத்தானோட மூடியைத் திறந்தேன். அப்புறம் மூடிட்டேன்."

மன்றத்தில் இருந்தவர்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். பியோ தலையைக் குனிந்துகொண்டார். நடுவில் உட்கார்ந்திருந்த மன்றத் தலைவர் திரையைப் புரட்டினார்.

"பதிவுல அப்படி எதுவும் இல்லையே."

"அழுத்தினாத்தான் பதிவாகும். நான் அழுத்தல."

"மூடியைத் திறந்ததுக்கு யாராவது சாட்சி?"

"என் கைதான்."

நிபுணர் ஒருவர் எழுந்தார். அந்தத் தூரத்தில், அந்த வெயிலில், மனிதக் கண்ணால் அந்தப் படத்தில் ஆளை அடையாளம் காணவே முடியாது என்று அளந்து காட்டினார். இயந்திரத்துக்கே தெரியாதது மனிதருக்கு எப்படித் தெரியும் என்றார். நல்ல மனம் உள்ளவர்களுக்கு விபத்துக்குப் பிறகு இப்படிப் பார்த்த மாதிரி ஒரு நினைப்பு வரும், அது இயல்பு என்று பரிவோடு சேர்த்தார்.

"நான் கேப்டன். நான் சொல்றேன், பாத்தேன்" என்றாள் மிரான். குரல் உடைந்தது. உடைந்ததும் நிபுணரின் பக்கம்தான் பலம் சேர்ந்தது.

"உங்க மனநிலை எங்களுக்குப் புரியுது. உட்காருங்க" என்றார் தலைவர்.

அவர்கள் அவளைத் தண்டித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். அதற்கு முதலில் அவள் சொன்னதை நம்ப வேண்டும். நாற்காலியையும் பட்டத்தையும் கொடுத்தார்கள், குற்றத்தை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார்கள். குற்றம் செய்யவும் ஒரு தகுதி வேண்டும்போலிருக்கிறது. முடிவு வந்தபோது மூல காரணம் படகு தன் இருப்பிடத்தை மறைத்தது என்றிருந்தது. மிதவையையும் படகையும் பிரித்தறிய இயந்திரத்தைப் பழக்க வேண்டும் என்று ஓர் அறிவுரை. கரையிலிருந்த கேப்டன் மேல் தவறு ஏதும் இல்லை. அந்த மாதம் மனிதத் தலையீடே நடக்கவில்லை என்பதால், ஐந்து கப்பலுக்கான அனுமதிக்கும் அது துணையாக நின்றது.

முடிவைக் கேட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். வாசல் பக்கம் மன்போக்கின் மனைவி தனியாக நின்றுகொண்டிருந்தார். குளிருக்குப் பஞ்சு வைத்த கையில்லாச் சட்டை போட்டிருந்தார். மிரான் நேரே போய் அந்த அம்மாவின் முன்னால் தரையில் மண்டி போட்டாள். சட்டையைப் பிடித்து உலுக்கினால்கூட நல்லது என்றிருந்தது அவளுக்கு.

"எந்திரிங்க. தரை ஈரமா இருக்கு" என்றார் அந்த அம்மா.

மிரான் எழவில்லை.

"உள்ள சொன்னீங்களே, அது நிஜமா? இல்ல, எனக்கு ஏதாவது கிடைக்கட்டும்னு சொன்னீங்களா?"

"நிஜம்மா."

"என்ன பாத்தீங்க?"

"குனிஞ்சு நிமிந்தாரு. ஒரே ஒரு தடவை."

"கயிறு இழுத்திருப்பாரு." அந்த அம்மா சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். "அவருக்கு இடுப்பு வலி. இழுக்கும்போது திரும்பிப் பாக்கவே மாட்டாரு. உள்ள இருந்தவங்க ஒருத்தர்கூட உங்களை நம்பல. நான் நம்புறேன்."

மிரான் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள்.

"இருங்க, நான் முடிச்சுக்கிறேன்" என்றார் அந்த அம்மா. "மெஷினுக்கு என்ன தெரியும், மனுஷங்க யாரும் பாக்கலையே, பாத்திருந்தா விட்டிருப்பாங்களான்னு நெனச்சுத்தான் இத்தனை நாளும் கஞ்சி குடிச்சேன். நீங்க பாத்தீங்க. இனிமே நான் எதை நெனச்சுக்கிட்டுக் குடிக்கிறது?"

பதிலுக்காக அவர் நிஜமாகவே காத்திருந்தார். பேருந்து வருவதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா மெல்லப் படியிறங்கிப் போனார்.