பினைன் என்றொரு சொல்

பினைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாது, தீங்கில்லாதது என்று பொருள். லத்தீனிலிருந்து வந்ததாம்; அங்கே அதற்கு 'நல்லபடியாகப் பிறந்தது' என்று அர்த்தம். சிரித்த முகமுள்ள பெரியவரையும், வெயிலும் மழையும் அளவாக இருக்கும் ஊரையும்கூட வெள்ளைக்காரன் அப்படிச் சொல்வான். டாக்டர்கள் அதைக் கட்டிக்குச் சொல்கிறார்கள். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் வெட்கக்கேடு.

போன செவ்வாய்க்கிழமை அக்கா சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறி, மூன்று மணிக்குக் குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு வந்தாள். அவள் மார்பில் இருந்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் ஒட்டிய உறையோடு பைக்குள் இருந்தது. பெரிய டாக்டரிடம் கொடுக்க வேண்டியது. அவரைப் பார்க்க வியாழன்தான் நாள். அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் படித்துச் சொல்வது நான்தான். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி செய்துகொண்டிருந்த வேலை, எஸ்டேட் போன பிறகு என் தலையில் விழுந்தது.

"ராகு காலம்லா. நாலரைக்கு மேல பிரி," என்றாள்.

ஒன்றரை மணி நேரம் அந்த உறை மேசைமேல் கிடந்தது. உயிர் போகிற நேரத்தில் ராகுவுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நாலு இருபத்தெட்டுக்கு அவள் பொறுக்கமாட்டாமல் "பிரிடா" என்றபோது, "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குக்கா" என்றவன் நான்தான்.

பிரித்தேன். இரண்டாம் வரியில் பினைன் என்று இருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

"ஒன்னும் இல்லக்கா. சாதாரணக் கட்டிதான்."

அவள் முகம் மாறவில்லை. "மாமாவுக்கும் இதத்தானே சொன்ன?"

மாமா என்றால் அவள் கணவர். போன வருஷம் அவருடைய ரிப்போர்ட்டையும் நான்தான் படித்தேன். அதில் மலிக்னன்ட் என்று இருந்தது. அர்த்தம் தேடியபோது, எதிர்ச்சொல்லாகப் பினைனும் அகராதியில் நின்றது. அவளிடம் சொல்லாதே என்றார் மாமா. அவள் தாங்கமாட்டாள் என்று நானும் நினைத்தேன். வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டோம். நாலு மாதத்தில் போய்விட்டார்.

போனில் அகராதியைத் திறந்து நீட்டினேன். அக்கா காகிதத்தில் இருந்த சொல்லையும் போனில் இருந்த சொல்லையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். நல்லபடியாகப் பிறந்தது என்றுதான் போட்டிருக்கிறது என்று சத்தியம் பண்ணினேன். தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று மூச்சு விட்டேன்.

"மாமாவுக்கு என்னா போட்டிருந்துச்சு? அதயும் காட்டு."

காட்டினேன். கெட்டது, ஆளைக் கொல்வது என்று அர்த்தமும் சொன்னேன். திரை அணையும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதேடா," என்றாள். "சோறு திங்கலன்னு அந்த மனுசன தெனம் ஏசுனேன்."