இவவுக்கு மூக்கு நீளம்

மெல்பன் ஓவியக்கூடத்தில் நான் காவல் நிற்கும் அறையில், பிரெஞ்சு ஓவியர் ஒருவர் தீட்டிய பிரெஞ்சு இளம்பெண் ஒருத்தியின் எண்ணெய்ச் சித்திரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு அன்ரி, சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட்டுடன் வந்து, அதைப் பார்த்தபடி தன் மூக்கைத் தடவிக்கொண்டு நிற்பார்.

"ஆரின்ரயும் சாயலோ, அன்ரி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை தம்பி. மகள் இயக்கத்துக்குப் போனவள். ஆமி வீடு வீடாச் சோதிக்க வரேக்க அவளின்ர படமெல்லாத்தையும் நானே எரிச்சனான். இப்ப முகம் மறந்துபோச்சு. இவவுக்கு மூக்கு நீளம், அவளுக்கு அப்பிடியில்லை, என்ர மூக்கு மாதிரி. இப்பிடி ஒப்பிட்டுப் பாத்தால்தான் கொஞ்சமாவது ஞாபகம் வருது."

கடைசியாக வந்த அன்று அவர் மூக்கைத் தொடவில்லை.

"இப்ப கண்ணை மூடினாலும் இவதான் வாறா, தம்பி."

பிறகு அவர் வரவேயில்லை. ஒரு பாவமும் செய்யாத அந்தப் பிரெஞ்சுக்காரி மீது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.